மடிப்பில் உதிர்ந்த ‘அரை’

தில்லி ஜனக்புரியில் நாங்கள் சிலர் நடத்தும் இலவச மருத்துவ முகாமுக்கு, வீட்டு வேலை செய்யும் தமிழ்ப் பெண்கள் பலர் வருவதுண்டு. எந்த வேளையில் எவ்வளவு மாத்திரை என்று சொல்லும் மடிப்பு அட்டையை இந்தியிலும் தமிழிலும் அச்சிட்டோம். இரண்டும் கரோல் பாகில் ஒரே அச்சகத்தில் தயாராயின. இரண்டே வாரத்தில் தமிழ் அட்டை மட்டும் மடிப்பில் வெடித்தது.

தலைசுற்றலோடு வந்த ஓர் அம்மா, இரவில் அரை மாத்திரைக்குப் பதிலாக முழு மாத்திரை விழுங்கியிருந்தார்.

“அரைன்னு எங்க போட்டிருக்கு? நீங்களே பாருங்க,” என்று அட்டையை நீட்டினார்.

கண்ணில் படவேண்டும் என்று அந்த ஒரு சொல்லைச் சிவப்புக் கட்டத்தில் வெள்ளை எழுத்தாக வைத்தது நான்தான். மடிப்பில் சிவப்பு மை உதிர்ந்து, வெளுப்போடு வெளுப்பாக எழுத்து மறைந்திருந்தது. ‘மாத்திரை’ மட்டும் மிஞ்சியிருந்தது.

தில்லியில் தமிழ் அட்டையை யார் சரிபார்க்கப்போகிறார்கள் என்று அச்சகத்தில் மட்டமான காகிதத்தைத் தள்ளிவிட்டார்கள் என்றே நான் நினைத்தேன். அச்சக உரிமையாளர் மறுத்தார். ஒரே கட்டுக் காகிதம் என்றார். நான் நம்பவில்லை. அவர் இரண்டு அட்டைகளையும் எடுத்து, நீளவாக்கிலும் குறுக்கிலும் கிழித்துக் காட்டினார். இரண்டுமே குறுக்கில் நேராகக் கிழிந்தன. நீளவாக்கில் பல்பல்லாகப் பிய்ந்தன. காகிதத்தில் நார் ஒரே திசையில் படுத்திருக்கிறது, அதன் போக்கில் மடித்தால் பணியும், எதிராக மடித்தால் முறியும் என்றார்.

இந்தி அட்டை புத்தகம்போலப் பக்கவாட்டில் திறக்கும். தமிழ்ச் சொற்கள் அந்த அரை அகலத்தில் அடங்காமல் வரிக்கு வரி உடைந்ததால், மேல்நோக்கித் திறக்கும்படி நான் கடைசி நேரத்தில் மாற்றியிருந்தேன். மடிப்பு நாருக்கு எதிராகப் போய்விட்டது.

முன்பே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“மேடம்ஜி, லைன் ஆப்னே தியா, ஹம்னே மோட் தியா,” என்றார். கோடு போட்டது நான், மடித்தது மட்டும் அவர்கள்.

மடிக்கும்போதே அந்த முரண்டு அவர்கள் கைக்குத் தெரிந்திருக்கும் என்ற ஐயம் எனக்கு இன்றும் உண்டு. ஆனால், ஓர் அட்டையைக்கூட நான் மடித்துப் பார்க்காமல் ஒப்புதல் தந்ததை அந்த ஐயம் வசதியாக மறைத்துவிடுகிறது.

காகிதத்தைத் திருப்பி வெட்டி மறுபடி அச்சிட ஏற்பாடு செய்துவிட்டு, பழைய அட்டைகளைத் திரும்பப் பெற வீடுவீடாகப் போனேன். அந்த அம்மா அட்டையைத் தரவில்லை.

“இதை வாங்கிட்டு நாளைக்கு மாத்திரை கிடையாதுன்னு சொல்றதுக்கா?”

இல்லை என்று எவ்வளவு சொல்லியும் அவர் அசையவில்லை. மடிப்புக்கு வெகு கீழே ‘இரவு அரை’ என்று பேனாவால் எழுதிக் கொடுத்தேன். அதை, வழக்கமாகத் தனக்கு அட்டையை வாசித்துச் சொல்லும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொண்டுபோய், நான் எழுதியது அரைதானா என்று வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்ட பிறகே உள்ளே வைத்தார்.