சுட்டவர் கை கழுவிய தண்ணீர்

1. கேட்டில் ஒரு போர்டு

அருப்புக்கோட்டையில் ஒரு வாட்டர் டெஸ்டிங் லேபில் கெமிஸ்டாக வேலை பார்க்கிறேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. புதிதாக வேலைக்கு வரும் பெண்கள், "அக்கா, ஃபீல்டு வேலை எப்படி இருக்கும்?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

திருச்சுழிக்குத் தெற்கே ஒரு ஊர். அதை ஒட்டிய பொட்டலில் துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்ச் இருக்கிறது. எந்தப் படையுடையது என்பது இங்கே வேண்டாம். யார் சுட்டாலும் குண்டு போய்ப் புதைவது எங்கள் மண்ணில்தான். இலக்குப் பலகைகளுக்குப் பின்னால் உயரமான மண்மேடு. பல வருடக் குண்டுகள் அதற்குள் கிடக்கின்றன. மழை பெய்தால் மேட்டைக் கரைத்துக்கொண்டு ஓடும் தண்ணீர், மேற்கு வரத்துக்கால் வழியாக நேரே ஊரணிக்குப் போகும். ஊரில் போர்வெல் தண்ணீர் உப்பு. குடிக்கவும் சோறாக்கவும் ஊரணிதான்.

அந்த வருடம் அங்கே ஆடு வளர்க்கும் ராக்கம்மாவின் ஆடுகள் செத்தன. ஊராட்சித் தலைவர் சாம்பிள் எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தார். ஐஸ் பெட்டியோடு போய் இறங்கியதும் ராக்கம்மாதான் முதலில் பேசினார்.

"கண்ணு தெரியாம செவுத்துல முட்டிக்கிட்டே நின்னுச்சுக தாயி. பல்லை நறநறன்னு கடிச்சுச்சுக. சரி, ஆடு போனாப் போகுது. எம் மக மாசமா வந்திருக்கா. அவளும் இந்தத் தண்ணியத்தான குடிக்கிறா?"

ஆசிட்டில் அலசிய பாட்டிலில் ஊரணித் தண்ணீரை எடுத்து, நைட்ரிக் ஆசிட் சொட்டு விட்டு மூடினேன். உலோகம் பார்க்கும் சாம்பிளுக்கு இதைச் செய்யாவிட்டால், இருக்கும் உலோகம் பாட்டில் சுவரில் ஒட்டிக்கொள்ளும். ரிசல்ட் குறைத்துக் காட்டும். பிறகு ஊரணி வண்டல், வரத்துக்கால் மண். மேட்டு மண் எடுக்க ரேஞ்சுக்குள் போகவேண்டியிருந்தது. கேட்டில் அனுமதிக்காகக் காத்து நின்றபோது உள்ளே இருந்த போர்டைப் படித்தேன். இந்தியிலும் இங்கிலீஷிலும் எழுதியிருந்தார்கள், தமிழில் இல்லை. சுட்டு முடித்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டுமாம். கழுவாமல் எதையும் சாப்பிடக் கூடாதாம். போர்டுக்குக் கீழே வரிசையாக வாஷ்பேசின்கள். அவற்றின் பைப் எங்கே போகிறது என்று கண்ணால் தொடர்ந்தேன். வரத்துக்காலுக்குத்தான் போனது.

2. எல்லாருக்கும் புரிந்த வார்த்தை

ரிசல்ட் மோசம். மண்மேட்டில் லெட் மிக அதிகம். வரத்துக்காலிலும் வண்டலிலும் அதே உலோகம். தண்ணீரிலும் அனுமதித்த அளவைத் தாண்டியிருந்தது. ஊர்க்காரர்களுக்குத் தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் வேண்டும். லெட் என்பதற்குக் காரீயம் என்று டைப் செய்தேன். எங்கள் லேப் ஓனர் அதை அடித்துவிட்டு, "ஈயம்னே போடும்மா. காரீயம்னா யாருக்குத் தெரியும்? ஈயம்னா எல்லாருக்கும் புரியும்" என்றார்.

புரிந்தது. எப்படிப் புரிந்தது என்பதைக் கூட்டத்தில் பார்த்தேன்.

3. ரசம்

ஊராட்சி அலுவலகத்தில் கூட்டம். ரேஞ்ச் அதிகாரி கஞ்சி போட்ட சீருடையில் வந்து உட்கார்ந்தார். தமிழர்தான், காவிரிப் பக்கம். சுருக்கத்தை வாசித்துவிட்டுச் சிரித்தார்.

"ஈயமா? இதுக்கா இவ்வளவு கலவரம்? ஏம்மா, ஈயச்சொம்புல ரசம் வச்சா என்ன மணமா இருக்கும் தெரியுமா? எங்க வீட்டுல தலைமுறை தலைமுறையா சாப்பிடுறோம். நான் செத்தா போயிட்டேன்?"

கூட்டமே சிரித்தது. தலைவரும், "அதான, பாத்திரத்துக்குக்கூட ஈயம் பூசுறோம்ல" என்று தலையாட்டினார். ராக்கம்மா மட்டும் சிரிக்கவில்லை.

"ஈயச்சொம்பு யாரு வீட்டுல சார் இருக்கு? எங்க வீட்டுல அலுமினியச் சட்டிதான். எங்க ஆடு ரசமும் குடிக்காது."

நான் எழுந்தேன். "சார், சொம்பு செய்யறது வெள்ளீயம். உங்க குண்டுல இருக்கிறது காரீயம். பேருல பாதி ஒண்ணா இருந்தா குணமும் ஒண்ணாயிருமா? வயித்துல இருக்கிற பிள்ளையோட மூளை வரைக்கும் போறது இது."

"நீ ஏம்மா பயமுறுத்துறே? நாட்டுக்காகப் பயிற்சி எடுக்கிற இடம் அது."

"நான் பயமுறுத்தல சார். உங்க கேட்டு போர்டுதான் பயமுறுத்துது. சுட்டா கை கழுவணும், கழுவாமச் சாப்பிடக் கூடாதுன்னு போட்டிருக்கீங்க. ரசத்துக்கா சார் அந்தப் போர்டு?" போர்டில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "அந்த வாஷ்பேசின் பைப்பு இந்த ஊரணிக்குத்தான் வருது. சுட்டவுக கை கழுவணும், சுடாதவுக அதைக் குடிக்கணுமா?"

அதிகாரி வாட்சைப் பார்த்தார். "மேலிடத்துக்கு எழுதுறேன்" என்றார்.

4. இன்னொரு போர்டு

மேலிடத்திலிருந்து தீர்வு வந்தது. ஊரணிக் கரையில் ஒரு போர்டு நட்டார்கள்: 'இந்த நீர் குடிப்பதற்கு உகந்ததல்ல'. இந்தத் தடவை தமிழில். அவ்வளவுதான். நாட்டைக் காக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு பைப்பைத் திருப்பத் தெரியவில்லை.

"ஆட்டுக்கு இதை யாரு வாசிச்சுக் காட்டுறது?" என்று கேட்ட ராக்கம்மா, மகளை எம்.ரெட்டியபட்டியில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பினார். பிறகு என்னிடம், "வழி என்ன தாயி?" என்றார்.

"வர்ற பாதையை அடைக்கணும். அடியில கிடக்கிற வண்டலை எடுக்கணும். மழைக்கு முந்திச் செய்யணும்" என்றேன்.

கோடையில் ஊரணி வற்றியதும் ஊர் இறங்கியது. கையுறை போடச் சொல்லி, வண்டலை ஈரத்தோடு அள்ளச் சொல்லிக்கொடுத்தேன். அள்ளியதை எங்கே கொட்டுவது என்று தலைவர் கேட்டார். "அவுக சாமான், அவுக வாசல்லயே கெடக்கட்டும்" என்றார் ராக்கம்மா. டிராக்டர் நேராக ரேஞ்ச் கேட்டுக்குப் போனது. மேற்கு வரத்துக்காலை மண் போட்டு அடைத்தார்கள். தூர்ந்து கிடந்த கிழக்கு வரத்துக்காலைத் திறந்தார்கள்.

ஐப்பசி மழை நன்றாகப் பெய்தது. ஊரணி கிழக்குத் தண்ணீரில் நிறைந்தது. திரும்பவும் டெஸ்ட் எடுத்தேன், அளவுக்குள் இருந்தது. ராக்கம்மாவின் மகள் கைப்பிள்ளையோடு வந்து சேர்ந்தாள்.

ஊரணிக்குப் போக வழியில்லாத தண்ணீர் ரேஞ்சுக்குள்ளேயே தேங்கியது. மண்மேடு கரைந்து, அதிகாரிகள் தங்கும் கட்டடத்தின் வாசல் வரை செம்மண் குழம்பாக நின்றது. மறுநாள் காலையிலேயே லேபுக்குப் போன். நான்தான் எடுத்தேன். அதே அதிகாரியின் குரல்.

"மேடம், ரேஞ்ச்ல இருந்து பேசறேன். எங்க சம்புத் தொட்டியில மழைத்தண்ணி இறங்கிடுச்சு. அதைத்தான் குடிக்கிறோம். இன்னிக்கே ஆள் அனுப்பி சாம்பிள் எடுக்கணும். ரொம்ப அவசரம்."

கூட்டத்தில் 'ஏம்மா'வாக இருந்தவள் இப்போது மேடம்.

"என்ன டெஸ்ட் சார் பார்க்கணும்?"

"அதான் மேடம்... அந்த ஈயம்."

"எந்த ஈயம்னு சொல்லுங்க சார். ஃபாரத்துல எழுதணும்."



"காரீயம்" என்றார்.

சாம்பிள் எடுக்கப் போனேன். அது என் வேலை. புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: எல்லாருக்கும் புரியும் என்று யாராவது ஒரு வார்த்தையைக் கொடுத்தால், அது யாருக்கு வசதியாகப் புரியும் என்று கேட்டுவிட்டு டைப் செய்யுங்கள்.