ஐப்பசியில் பூத்த வயல்

தஞ்சாவூரில் பெரிய ஆலை கிடையாது, துறைமுகம் கிடையாது. மாவட்டத்துக்குத் தலைநகர் என்று பெயர். கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வருஷத்துக்கு ஒன்றாக நகைக்கடை முளைக்கிறது. ஆனால் இத்தனையும் சுற்றியிருக்கிற வயலில் என்ன விளைந்தது என்பதைப் பொறுத்துத்தான் நடக்கிறது. சம்பா ஒழுங்காக வீடு வந்து சேர்ந்தால் தை மாசம் கடைத்தெருவில் கால் வைக்க முடியாது. சேராத வருஷம் நகைக்கடைக்காரர் வாசலில் நின்று போகிற வருகிற பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஏசி போட்ட கடையில் உட்கார்ந்துகொண்டு விவசாயத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லாத மாதிரி பேசுவார்கள். மழை அறிவிப்பு வந்தால் மட்டும் எல்லாரும் ஒன்றாக வானத்தைப் பார்ப்பார்கள்.

அந்த ஊரிலிருந்து திருவையாறு போகிற சாலையை விட்டு உள்ளே பிரிகிற ஒரு கிராமத்தில் மங்களாம்பிகை பாய் நாற்று வளர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிளாஸ்டிக் தாளில் மண்ணைப் பரப்பி, ஊறவைத்த விதையைத் தூவி, பதினைந்தே நாளில் பாயைப் போலச் சுருட்டி எடுக்கிற நாற்று. நடவு மெஷினில் வைத்தால் ஒரு காலை வேளைக்குள் ஒரு ஏக்கர் முடிந்துவிடும். நடவுக்கு ஆள் கிடைக்காமல் அல்லாடிக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு அவள்தான் கதி. நாற்றைக் கொடுத்ததோடு கை கழுவிவிடுகிறவள் இல்லை. நட்ட வயலை மாசம் ஒரு தடவை வரப்பில் இறங்கிப் பார்த்துவிட்டு வருவாள். மங்களம் நாற்று தப்பாது என்று சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயர் இருந்தது. பத்து வருஷமாக அவள் சேர்த்தது அந்தப் பெயர் ஒன்றைத்தான்.

விதை மூட்டைகளுக்கு அவள் ஒரு கணக்கு வைத்திருந்தாள். சாக்கில் எழுதினால் எலி கடித்துவிடும், ஈரத்தில் மை அழிந்துவிடும். அதனால் மூட்டை வாயைத் தைக்கிற நூல்தான் அடையாளம். நூற்றைந்து நாளில் அறுவடைக்கு வருகிற குறுவை ரகத்துக்குச் சிவப்பு நூல். ஐந்து மாசம் நிற்கிற சம்பா ரகத்துக்குப் பச்சை. இது அவள் தலைக்குள் மட்டும் இருந்த சட்டம். வேறு யாருக்காவது சொல்லி வைத்திருக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதே இல்லை. கெட்டிக்காரர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

அவள் புருஷன் அண்ணாதுரை குவைத்தில் டிரைவர். அந்த வருஷம் ஆடி மாசம் லீவில் வந்திருந்தவர் சும்மா இருக்க முடியாமல் கொட்டகையை ஒழுங்கு பண்ணினார். குறுவைக்குப் போக மீந்திருந்த, ஆடுதுறை முப்பத்தேழு என்கிற ரகத்து விதை இரண்டு மூட்டையை எலி கடித்திருந்தது. நல்ல மனசோடு அதை வேறு சாக்கில் கொட்டி, கைக்குக் கிடைத்த நூலால் தைத்து, அழகாக அடுக்கி வைத்தார். கைக்குக் கிடைத்தது பச்சை.

ஆவணியில் சம்பாவுக்கு விதை ஊறவைத்தபோது மங்களாம்பிகை அந்த இரண்டு மூட்டையையும் பிரித்தாள். சம்பா ரகமான ஆயிரத்தொன்பதும் குண்டு நெல்தான், முப்பத்தேழும் குண்டு நெல்தான். உற்றுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நூலைப் பார்த்துவிட்ட பிறகு யார் நெல்லைப் பார்ப்பார்கள்?

அந்த நாற்று முழுக்க ஒரே ஆளுக்குப் போயிற்று. வீரையன், மூன்று ஏக்கர் குத்தகைக்காரர். நிலம் சென்னையில் இருக்கிற கல்யாணம் சாருடையது. வீரையனுக்குச் சொந்தமாக ஒரு குழி நிலம் கிடையாது. அந்த மூன்று ஏக்கரின் சம்பாதான் அவர் வீட்டுக்கு வருஷம் பூராவும் சோறு. அது தவறினால் குத்தகையும் நிற்காது.

புரட்டாசி இருபத்திரண்டாம் தேதி காலை மங்களாம்பிகை வழக்கம்போல வயல் பார்க்கப் போனாள். பக்கத்து வயல்களில் பயிர் இன்னும் தூர் வெடித்துக்கொண்டிருந்தது. வீரையன் வயலில் மட்டும் தண்டு தட்டையாக இல்லாமல் உருண்டு நின்றது. அவளுக்கு என்னவோ போல இருந்தது. ஒரு தூரைப் பிடுங்கி நகத்தால் பிளந்தாள். உள்ளே வெள்ளையாக, பஞ்சுத் துணுக்கு மாதிரி, கதிர் உட்கார்ந்திருந்தது. நாற்பத்தைந்து நாள் பயிருக்குள் கதிர்!

அங்கேயே வரப்பில் உட்கார்ந்து விரலை மடக்கினாள். இது பூக்கிறது ஐப்பசி நான்காம் வாரம். அடைமழைக் காலம். நெல் பூ காலை ஒன்பது மணிக்குத் திறந்து மத்தியானத்துக்குள் மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் மழை அடித்தால் மகரந்தம் கரைந்துவிடும், மணி பிடிக்காது. உமிக்குள் ஒன்றுமில்லாத சாவிதான் மிஞ்சும். ஆனால் இன்றைக்கே சொன்னால் வழி இருந்தது. பயிரை மடக்கி உழுதுவிட்டுத் தாளடி நடலாம். குறுவை அறுத்தவர்கள் நடுகிற அந்த இரண்டாம் பயிருக்கு இன்னும் நாள் இருந்தது. அவள் கொட்டகை வாசலிலேயே மூன்று ஏக்கருக்கான தாளடி நாற்று பச்சைப் பசேலென்று தயாராக இருந்தது.

எழுந்தாள். வீரையன் வீட்டுப் பக்கம் திரும்பாமல் தன் வீட்டுக்குப் போனாள்.

அண்ணாதுரை லீவு முடிந்து குவைத் போய்ச் சேர்ந்திருந்தார். போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"நான்தான் தெச்சேன். எனக்கு என்ன தெரியும் மங்களம்?"

"உங்களைக் குத்தம் சொல்லலைங்க. வீரையன் அண்ணன்கிட்டப் போய்ச் சொல்லிடட்டுமா?"

"கொஞ்சம் பொறு. ஊர் பூரா தெரிஞ்சுதுன்னா அடுத்த வருஷம் உன்கிட்ட ஒருத்தன் நாத்து வாங்குவானா? மழை பெய்யுமோ பெய்யாதோ. பெஞ்சா யார் பயிருதான் தப்பும்? வாயை மூடிக்கிட்டு இரு."

பொறுத்தாள். முதல் நாள் வீரையன் ஊரில் இல்லை என்று கேள்விப்பட்டு நிம்மதியாக இருந்தது. அதற்கப்புறம் கண்டியூரிலிருந்து ஒருவர் வண்டியோடு வந்து தாளடி நாற்று கேட்டார். மூன்று ஏக்கர் நாற்றையும் ஏற்றிவிட்டாள். அவள் கெட்டவள் இல்லை, பயந்தவள். பயந்தவர்கள் செய்கிற காரியமும் கெட்டவர்கள் செய்கிற காரியமும் வயலில் ஒரே மாதிரிதான் விளைகிறது.

பத்தாம் நாள் பிளாஸ்டிக் தாள் வாங்க ஸ்கூட்டியில் தஞ்சாவூர் போனாள். சாக்கும் படுதாவும் விற்கிற அன்சார் பாய் கடையில் நடக்க இடமில்லை. கூரை வரைக்கும் நீலப் படுதா அடுக்கியிருந்தது.

"என்ன பாய், இவ்வளவு சரக்கு?"

"இந்த வருஷம் டபுளாச் சொல்லியிருக்கேம்மா. கடல்ல புயல் ஒண்ணு பின்னால ஒண்ணா வருதாம். ஐப்பசி தாங்காதுங்கறாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உங்களுக்கெல்லாம் நல்ல வருஷம்னா எனக்கு வியாபாரமில்லை. எனக்கு வியாபாரம்னா உங்க பாடு திண்டாட்டம். என்ன பொழப்போ போங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மங்களாம்பிகை வாங்க வந்ததை வாங்காமலே வண்டியைக் கிளப்பினாள். அதற்கு மேலும் இரண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்து, பன்னிரண்டாம் நாள் மத்தியானம் வீரையன் வயலுக்குப் போனாள்.

வீரையன் மடையில் நின்றுகொண்டிருந்தார். "வாம்மா மங்களம். பார்த்தியா, என் பயிரு எல்லாருக்கும் முந்திக்கிட்டு நிக்குது."

"அண்ணே, இது ஆயிரத்தொம்பது இல்லைங்க. முப்பத்தேழு. என் கொட்டகையில மூட்டை மாறிப்போச்சுங்க."

அவர் குனிந்து ஒரு தண்டை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். தண்டின் வயிறு புடைத்திருந்தது.

"தண்டு உருண்டப்பவே எனக்கும் சந்தேகம் தட்டுச்சு. உன் நாத்து தப்பாதுன்னு நெனச்சுத்தான் கம்முனு இருந்தேன்."

"உழுதுட்டுத் தாளடி நட்டுடலாம்ணே. நாத்து எங்க கிடைச்சாலும் நான் கொண்டாந்து தர்றேன்."

"பத்துப் பதினஞ்சு நாளைக்கு முன்னன்னா கண்ணை மூடிக்கிட்டு உழுதிருப்பேன். இப்ப சூல் கட்டிருச்சேம்மா. சூல் பயிர்ல நாங்க செருப்புக் காலோடகூட எறங்க மாட்டோம். டிராக்டரை விட்டு மிதிக்கச் சொல்றியே." அவர் கோபப்படவில்லை, அதுதான் கொடுமை. நிமிர்ந்து கேட்டார்: "உனக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"இன்னைக்குக் காலையிலதாண்ணே."

யோசிக்காமலே வந்துவிட்டது. பன்னிரண்டு நாளாக உண்மையைச் சொல்ல வராத வாய்.

"விடு. தெரிஞ்ச கையோட ஓடியாந்தியே, அது போதும். மேல இருக்கறவன் கண்ணைத் தொறந்தா வெயில் அடிக்கும்."

ஐப்பசி இருபத்திரண்டில் வயல் பூத்தது. முதல் இரண்டு நாள் நல்ல வெயில். மங்களாம்பிகை காலையில் எழுந்ததும் கிழக்கே பார்ப்பாள், ஒன்பது மணிக்கு ஒரு தடவை, பத்துக்கு ஒரு தடவை. இரண்டாம் நாள் மத்தியானம் பூ மூடிக்கொண்ட நேரத்துக்கு அவள் வாய்விட்டு அழுதாள், இன்னும் நாலே நாள் கொடு என்று. மூன்றாம் நாள் விடியவே இல்லை. ஏழு மணிக்கு ஆரம்பித்த மழை ஐந்து நாள் நிற்காமல் கொட்டியது. வாய்க்கால் நிரம்பி ரோட்டில் ஏறியது. கலெக்டர் ஆபீசில் மீட்டிங் போட்டார்கள். அன்சார் பாய் கடையில் படுதா தீர்ந்துபோனது.

மழை விட்டுத் தண்ணீர் வடிந்ததும் மற்றவர்கள் பயிர் நான்கு நாளில் நிமிர்ந்துகொண்டது. அவை இன்னும் பூக்கவே இல்லையே. வீரையன் வயலிலும் கதிர் நிமிர்ந்துதான் நின்றது. மணி பிடித்த கதிர் தலை சாய்ந்திருக்க வேண்டும். ஒரு நெல்லை நசுக்கினால் பால் வர வேண்டும். அவர் வரப்பு ஓரமாகவே நடந்து ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார். மூன்று ஏக்கரிலும் சாவி. அறுப்பு மெஷினைக் கூப்பிடுவதே வீண். கார்த்திகை கடைசியில் மாடுகளை இறக்கிவிட்டார்.

யார் கேட்டாலும் "மழை கொண்டுபோயிருச்சு" என்றார் வீரையன். மங்களாம்பிகை பெயரை ஒரு இடத்திலும் எடுக்கவில்லை. அடுத்த குறுவைக்கு அவளிடம் நாற்றுக்குச் சொல்லிவைத்தவர்கள் போன வருஷத்தைவிட அதிகம். அவள் அந்த வயல் இருக்கிற பக்கமே போவதை நிறுத்திவிட்டு, தஞ்சாவூருக்குச் சுற்று வழியில் போய்வந்துகொண்டிருந்தாள்.

தை பிறந்து பத்து நாள் கழித்து ஒரு காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"மங்களாம்பிகையா பேசறது? நான் சென்னைலேர்ந்து கல்யாணம் பேசறேன். வீரையன் பண்ற நிலத்துக்குச் சொந்தக்காரன்."

"சொல்லுங்க சார்."

"வீரையன் போன வாரம் இங்கே ஆத்துக்கு வந்திருந்தார். இனிமே என்னால முடியாது சார், திருப்பூருக்கு வேலைக்குப் போறேன்னுட்டார். முப்பது வருஷமாப் பண்ணிண்டிருந்த மனுஷன். எனக்கே சங்கடமாப் போயிடுத்து. சரி, நிலத்தை யார் கையில குடுக்கறதுன்னு கேட்டேன். உங்க பேரைத்தான் சொன்னார்."

மங்களாம்பிகை போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"அவர் சொன்னதை அப்படியே சொல்றேன் கேளுங்கோ. 'தப்பு நடந்துபோச்சுன்னு தெரிஞ்ச அன்னைக்கே ஓடி வந்து என் முகத்துக்கு நேரா ஒத்துக்கிட்ட பொம்பளை சார். அவங்ககிட்ட குடுத்தா நீங்க திரும்பிப் பார்க்க வேண்டாம்'னார். இந்தக் காலத்துல யாரைப் பத்தி யார் இப்படிச் சொல்றா? அதான் வேற யாரையும் விசாரிக்கலை. என்ன சொல்றேள்?"

பன்னிரண்டு நாள் என்று சொல்வதற்காகத்தான் அவள் வாயைத் திறந்தாள்.

"ஹலோ, கேக்கறதா?"

"கேக்குதுங்க சார்."

"எடுத்துக்கறேளா?"

"சரிங்க சார்" என்றாள்.