டாங்கியின் மேல் இருந்த சேறு

தெருவில் அவளைப் பட்டாளத்தம்மா என்றுதான் சொல்வார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் அவள் கணவர் ராணுவத்தில் இருந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். அவர் தண்ணீர்க் குழாய் பழுது பார்க்கிறவர். துப்பாக்கியைக் கிட்டத்தில் பார்த்ததுகூடக் கிடையாது. பட்டாளம் முழுக்க அவளுடையது. முன்னறை அலமாரியில் டாங்கிகள், கவச வண்டிகள், ஒரு லாரி. எல்லாம் இரண்டாம் உலகப் போரில் ஓடியவை. நிஜ வண்டியை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிய பிளாஸ்டிக் மாடல்கள். இரண்டு கையில் ஏந்தலாம்.

பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து கொடுக்கும் பட்டறையில் வேலை பார்த்தவள் அவள். கடைவாய்ப் பல்லின் மேடு பள்ளத்தை அரத்தால் இழைத்து, போடுகிறவர் வாயில் உறுத்தாமல் கொண்டுவர வேண்டும். ஒரு நாள் முதலாளி, தன் மகன் பிரிக்காமலே விட்டுப்போன பெட்டி ஒன்றை அவள் மேஜையில் போட்டுவிட்டுப் போனார். உள்ளே, பிளாஸ்டிக் சட்டங்களில் கொத்துக் கொத்தாக, ஒரு டாங்கி துண்டு துண்டாகக் கிடந்தது. வெட்டி, இழைத்து, ஒட்டி முடித்தாள். சக்கரங்களின் மேல் ஓடும் சங்கிலிப் பட்டையை முன்பின்னாக மாட்டியிருக்கிறாள் என்பது காய்ந்து இறுகிய பிறகுதான் தெரிந்தது. அதைச் சரியாகச் செய்துகாட்ட வேண்டும் என்றுதான் இரண்டாவது பெட்டி வாங்கினாள். அதற்குப் பிறகு நிற்கவில்லை.

பெண்பிள்ளையாக இருந்துகொண்டு பூ, பறவை என்று அழகாக எதையாவது செய்யக் கூடாதா என்று கேட்டவர்கள் உண்டு. பூவில் போல்ட்டு கிடையாதே என்பாள்.

மூன்று வருடத்துக்கு முன் கணவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப் பக்கம் விழுந்துவிட்டது. பேச்சில் மிஞ்சியது ‘சரி’ என்ற ஒரு சொல். பசித்தாலும் சரி, வலித்தாலும் சரி, டிவியில் சத்தம் அதிகமானாலும் அவருக்கு ‘சரி’தான், முகத்தைப் பார்த்து அவள் அர்த்தம் பிரித்துக்கொள்ள வேண்டும். பட்டறையை விட்டு நின்றாள். குளியலறைக்குப் பக்கம் என்பதால் கட்டிலை முன்னறையில் போட்டாள். கட்டிலுக்கு ஒட்டி அவள் மேஜை.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் முதுகு புண்ணாகும். ஒரு புரட்டலுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வேலைக்குப் போய்வர முடியாது, ஊர் சுற்ற முடியாது, அசந்து தூங்கினால் எழுந்திருக்க முடியாது. ஆனால் ஒரு பூச்சு பெயின்ட் அடித்துக் காயவிடலாம். பசையின் நெடி அவருக்கு ஆகாது என்று ஒட்டும் வேலையைப் பின்வாசல் படியில் வைத்துக்கொண்டாள். உள்ளே தண்ணீரில் கரையும் பெயின்ட் மட்டும்.

பார்க்க வருகிறவர்கள், இது கணவருடைய ஆசை, அவருக்காகத்தான் இவள் செய்கிறாள் என்று தாங்களே ஒரு கதை கட்டிக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நன்றாக நடமாடிய காலத்தில் அவர் இதைக் குப்பை என்றுதான் சொல்வார் என்று அவள் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவாள். ஆனாலும் கணவர் வீட்டுச் சொந்தம் வருகிறது என்றால் மேஜைமேல் ஒரு பழைய போர்வையைப் போட்டு மூடிவிடுவது வழக்கம். தன்னிடம் அவளுக்கே பிடிக்காத வழக்கம் அது ஒன்றுதான்.

போர்வை எத்தனை நாள் தாங்கும்? கணவரின் அக்கா, தம்பியோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்து இறங்கினார். மறுநாளே போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டார்.

“படுத்த படுக்கையா என் தம்பி கிடக்கான். நீ பக்கத்துல உக்காந்து பொம்மைக்குப் பவுடர் போடுற.”

“பவுடர் இல்ல அண்ணி, சேறு.”

நாத்தனாருக்கு அது திமிராகப் பட்டது. ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா குடும்பத்தோடு வருகிறார், அதற்குள் மேஜையும் அலமாரியும் காலியாக வேண்டும், பெட்டிகளைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடு, இல்லையென்றால் எல்லார் முன்னாலும் நானே எடுத்துப் போடுவேன் என்று தீர்ப்பு சொன்னார். அவள் பிரஷ்ஷைக் கழுவினாள். மேஜை போனால் புரட்டலுக்கும் புரட்டலுக்கும் நடுவில் வெறும் சுவர்தான் மிஞ்சும். அதைப் பார்த்துக்கொண்டு இன்னும் எத்தனை வருடம் உட்காருவது?

வெள்ளிக்கிழமை மருந்துக்கடைக்குப் போய்விட்டு வந்தாள். மேஜை பளபளவென்றிருந்தது. ஜன்னலோரம், மடித்த துண்டின்மேல், அவள் சேறு பூசிக்கொண்டிருந்த டாங்கி குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தது.

“எவ்ளோ அழுக்கு! பிள்ளைங்களுக்குக் கொடுக்கிறதை அப்படியேவா கொடுக்கிறது? பழைய டூத்பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்ச்சேன். இப்பப் பாரு, புதுசு மாதிரி.”

அந்தச் சேறு ஒரு மாத வேலை. பல்செட் அச்செடுக்கும் மாவில், காயவைத்துப் பொடித்த டீச் சக்கையும் பழுப்பு பெயின்ட்டும் நீர்த்த கோந்தும் கலந்தது. சக்கரங்களுக்கிடையில் ஈரச் சேறு கறுப்பாக அப்பியிருக்க வேண்டும். மேலே போகப் போகக் காய்ந்து வெளுக்க வேண்டும். டாங்கிக்குள் இறங்கும் மூடிப் பக்கம், ஏறுகிறவன் எங்கே கால் வைப்பான் என்று யோசித்து வைத்த இரண்டு மண் தடம். எல்லாம் சாக்கடையில் போய்விட்டது. ஏரியல் கம்பி ஒன்றும் ஒடிந்திருந்தது.

அவள் மருந்துப் பையை வைத்தாள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். புரட்டும் நேரம் ஆகியிருந்தது.

“அண்ணி, இங்க வாங்க. தோள் பக்கம் பிடிங்க.”

நாத்தனார் இத்தனை நாளில் தம்பியின் நெற்றியைத் தடவியதோடு சரி. தயங்கித் தயங்கி வந்து பிடித்தார். இருவருமாகப் பக்கவாட்டில் புரட்டினார்கள். அவள் சட்டையை மேலே தூக்கினாள்.

“பாருங்க. நடு முதுகு, இடுப்பு எலும்பு, குதிகால். எங்கயாவது சிவந்திருக்கா? மோந்தும் பாருங்க, வாடை அடிக்குதா?”

“இல்ல” என்றார் நாத்தனார்.

“மூணு வருஷமா இந்த உடம்புல ஒரு புண்ணு கிடையாது. அழுக்கு எங்க இருக்கக் கூடாதுன்னு எனக்குத் தெரியும். எங்க இருக்கணும்னும் தெரியும். நீங்க தேய்ச்சுக் கழுவினது நான் வெச்ச அழுக்கு.”

“அழுக்கை யாராவது வெப்பாங்களாடி?”

“நான் வெப்பேன்.”

“சரி” என்றார் கணவர், தலையணையில் முகம் புதைந்தபடி. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை. மூக்கு அமுங்கியிருந்தது; அவள் தலையணையை இழுத்துச் சரிசெய்தாள்.

நாத்தனார் சட்டையைக் கீழே இழுத்துவிட்டார். இதே வாயை ஞாயிற்றுக்கிழமை சித்தப்பாவிடம் காட்டு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு டீ போடப் போனார். நாத்தனாருக்கு நாளெல்லாம் டீ வேண்டும். வடிகட்டியில் மிஞ்சிய சக்கையை அவள் ஒரு தட்டில் பரப்பி வெயிலில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றபோது டாங்கிக்கு வலப் பக்கம் முதல் பூச்சுச் சேறு ஏறியிருந்தது, இடப் பக்கம் மொட்டையாக இருந்தது. அவள் கை தன்னால் போர்வையை எடுத்தது. எடுத்த போர்வையை உதறி, கணவரின் காலுக்குப் போர்த்திவிட்டு, மறுபடி உட்கார்ந்து பிரஷ்ஷைத் தொட்டாள்.

சித்தப்பா, அவர் மனைவி, மகன், மருமகள் என்று அறை நிறைந்துவிட்டது. யாரும் கட்டிலைப் பார்க்கவில்லை. எல்லாருடைய கண்ணும் மேஜையில். நாத்தனார் தொண்டையைக் கனைத்தார். சித்தப்பா மனிதர் நல்லவர். சண்டை வராமல் முடித்துவிடப் பார்த்து, வழியையும் அவரே எடுத்துக் கொடுத்தார்.

“இவனுக்குப் பிடிக்கும்னுதானே இதெல்லாம் நீ பண்றம்மா?”

ஆமாம் என்று ஒரு சொல் போதும். மேஜை அங்கேயே இருக்கும், மெச்சிக்கொண்டு போவார்கள்.

“இல்ல மாமா. எனக்குப் பிடிக்கும்னு பண்றேன்.”

மருமகள் செல்போனைப் பார்த்தாள்.

“அதுக்கு இந்த ரூம்தான் கிடைச்சுதா?” என்றார் சித்தப்பாவின் மனைவி.

“நான் எந்த ரூம்ல இருக்கேனோ அந்த ரூம்லதான் இதுவும் இருக்கும் அத்தை. நான் இந்த ரூமை விட்டுப் போறதில்ல.” கடிகாரத்தைப் பார்த்து எழுந்தாள். “புரட்டணும். மேஜையை எடுக்கணும்னு நினைக்கிறவங்க வந்து தோள் பக்கம் பிடிங்க.”

சித்தப்பா மகனைப் பார்த்தார். மகன் மின்விசிறியைப் பார்த்தான். கடைசியில் நாற்காலியை நகர்த்தி எழுந்தது நாத்தனார்தான்.

“தோளைப் பிடிக்க வர்றேன். அதுக்காக அந்தப் பொம்மையை ஒத்துக்கிட்டேன்னு அர்த்தமில்ல.”

“ஒத்துக்க வேணாம் அண்ணி. முழங்காலுக்கு நடுவுல தலகாணி வைங்க.”

இந்த முறை நாத்தனார் தயங்காமல் பிடித்தார். புரட்டி முடித்ததும், சொல்லாமலே சட்டையைத் தூக்கி முதுகைப் பார்த்துவிட்டு, சித்தப்பாவையும் வந்து பார்க்கச் சொன்னார். அவர் வந்து குனிந்து பார்த்தார். மேஜையைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. எல்லாருக்கும் டீ போட நாத்தனார் சமையலறைக்கு நடந்தார்.

அவள் மேஜையிலிருந்தே குரல் கொடுத்தாள்: “சக்கையைக் கொட்டிடாதீங்க அண்ணி. இடப் பக்கத்துக்குச் சேறு பத்தாது.”