ஊர் கேட்காத மனிதர்

எங்கள் நூலகத்தில் பின்கதவு எங்கே இருக்கிறது என்று அதுவரை எந்த எழுத்தாளரும் என்னிடம் கேட்டதில்லை. கழிப்பறை கேட்பார்கள், கோப்பி கேட்பார்கள், எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தே மனம் சோர்ந்துபோவார்கள். அன்று வாசிக்க அழைத்திருந்த பெண் வந்ததும் குளிர் அங்கியைக் கூடக் கழற்றாமல் பின்கதவைத்தான் கேட்டார்.

நான் வேலை பார்ப்பது முன்பு நிலக்கரி தோண்டிய ஜேர்மன் நகரமொன்றின் கிளை நூலகத்தில். இரவல் மேசையில் இருப்பது, சிறுவர் பகுதியை ஒழுங்கு செய்வது, நிகழ்ச்சி என்றால் கதிரை அடுக்குவது எல்லாம் என் பொறுப்பு. யாழ்ப்பாணத்துக்காரி நூலகத்தில் வேலை செய்கிறாள் என்று தெரிந்ததும் எல்லோரும் எரிந்த நூலகத்தைப் பற்றிக் கேட்டு, என் கண் கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். நான் இந்த வேலைக்கு வந்தது நூலகம் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருந்ததால். அந்தப் பதில் யாருக்கும் பிடிப்பதில்லை.

இலையுதிர் காலத்தில் நகரத்தின் பொது நூலகங்களில் ஓர் ஆபிரிக்க இலக்கிய விழா நடக்கும். வாசிப்பு, இசை, ஓவியம், பிறகு அரசியல் பேசிச் சண்டை பிடித்துச் சமாதானமாவது என்று கொஞ்ச நாள் கலகலப்பாக இருக்கும். பறையும் பாட்டும் மேயரும் மத்திய நூலகத்துக்குப் போய்விடுவார்கள். பல் வைத்தியருக்கும் பேரங்காடிக்கும் நடுவில் கிடக்கும் எங்கள் கிளைக்கு, மெல்லிய குரலில் பேசும் ஒருவரை அனுப்பிவைப்பார்கள். விருந்தினரை விடுதியில் தனியே விடாமல் யாராவது ஒருவர் வீட்டில் தங்கவைப்பது அந்த விழாவின் வழக்கம். அந்த முறை என் வீடு. மெத்தை விரிப்பு மாற்றி, குளியலறையைத் தேய்த்துக் கழுவி, ஒரு கல்யாண வீட்டுக்குரிய ஆயத்தத்தோடுதான் நான் வேலைக்கு வந்திருந்தேன்.

பின்கதவைக் காட்டினேன். அவரே திறந்து பார்த்தார். குப்பைத் தொட்டிகளையும் சைக்கிள்களையும் தாண்டி வீதி தெரிந்தது. "நல்லது" என்று சொல்லி மூடினார். என் வயதுதான் இருக்கும். ஜேர்மன் மொழி என்னைப் போலத்தான் பேசினார், தட்டுத் தடுமாறி, ஆனால் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுவார். பின்னறையில் தேநீர் ஊற்றிக் கொடுத்தபோது, நான் கேட்காமலே சொன்னார்.

அவருக்கு ஒரு தம்பி இருந்தான். அவனை வீட்டில் வைத்துப் பிடித்துப் போனார்கள். அப்படி ஒருவரைப் பிடிக்கவே இல்லை என்று ஆபிரிக்காவில் அவருடைய நாட்டு அரசாங்கம் இன்றுவரை சொல்கிறது. புதிய நாவலில் ஓர் அத்தியாயம் முழுக்க அவன்தான். அதை முதல் தடவையாக மேடையில் வாசிக்கப்போவது அன்றைக்கு, எங்கள் நூலகத்தில்.

"அம்மா அங்கே தனியாக இருக்கிறார்" என்றார். "போன வசந்தத்தில் வேறொரு நகரத்தில் பேசினேன். தம்பியைப் பற்றி ஒரு வரிதான் சொன்னேன். அடுத்த கிழமை இரண்டு பேர் அம்மா வீட்டுக்குப் போய்த் தேநீர் குடித்திருக்கிறார்கள். மகள் என்ன எழுதுகிறாள் என்று விசாரித்திருக்கிறார்கள்."

"அப்படியென்றால் இன்றைக்கு..."

"அம்மா வாசி என்றுதான் சொல்கிறார். அவருக்குப் பயம் இல்லை. பயமெல்லாம் எனக்குத்தான்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் இதைச் சொல்லவேண்டாம் என்றார். சொன்னால் மண்டபம் முழுக்கப் பயம் பரவிவிடும், தன்னால் பிறகு வாயே திறக்க முடியாது என்றார். நான் தலையாட்டினேன். ஜேர்மன் கடவுச்சீட்டு எடுத்துப் பல காலம் ஆகிவிட்டது. ஆனால் என் பயம் மட்டும் இன்னும் பழைய நாட்டுக் குடியுரிமையோடுதான் இருக்கிறது.

கதிரைகள் வெறுமையாகக் கிடந்தால் விருந்தாளிக்கு அவமானம் என்று, எங்கள் ஆட்களுக்கும் சொல்லி வைத்திருந்தேன். அரங்கேற்றம் என்றாலும் செத்தவருக்கான அந்தியேட்டி என்றாலும் ஒருவருக்கொருவர் சபை நிரப்பிப் பழகியவர்கள் நாங்கள். தமிழ்ப் பள்ளிக்கூடத்து அக்கா பெரிய பெட்டி நிறைய மரக்கறி ரோல்ஸும் வடையும் கொண்டுவந்து இறக்கினார். கூடவே அவருடைய கணவர், உணவகச் சமையலறையில் உழைத்து ஓய்வு பெற்ற அண்ணை. சமையலறை இரைச்சலில் ஜேர்மன் படித்தவர் என்பதால் அந்த மொழியைக் கத்தித்தான் பேசுவார். வழக்கமாக வரும் ஜேர்மன் மூதாட்டிகளும், விழாக்காரர்களும், சில மாணவர்களும் வந்தார்கள். சபை பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

தொடங்குவதற்குச் சற்று முன்பு ஒரு மனிதர் வந்தார். சாம்பல் நிறக் கோட்டு, துடைத்த சப்பாத்து. கடைசி வரிசையில் கதவோரக் கதிரையில் உட்கார்ந்து, தொலைபேசியை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டார்.

முன்னால் நின்ற அந்தப் பெண்ணின் முகத்தில் இரத்தம் இல்லை. நான் தண்ணீர்ப் போத்தல் கொடுக்கும் சாட்டில் பக்கத்தில் போனேன்.

"அவர்தான்" என்றார், உதடு அசையாமல். "வசந்தத்திலும் வந்தார். இதே மாதிரிப் பின்வரிசை."

"உங்கள் நாட்டவரா?"

"முகத்தைப் பார்த்தாலே தெரியும். ஆனால் வந்து ஒரு வணக்கம் சொல்லவில்லை. எந்த ஊர் என்று கேட்கவில்லை."

இதை யாரும் எனக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் ஆட்கள் தொடருந்தில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால், இறங்குவதற்கு முன் ஊரும் தகப்பன் பெயரும் கேட்டு, சொந்தமும் கண்டுபிடித்துவிடுவார்கள். அப்படிக் கேட்காமல் உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பவனுக்கு உன் ஊர் ஏற்கெனவே தெரியும்.

எங்கள் நூலகத் தலைவியிடம் ஓடினேன். காரணத்தைச் சொல்லாமல், அந்த மனிதரை வெளியே அனுப்ப முடியுமா என்று மட்டும் கேட்டேன். அவர் நல்ல பெண்மணி, நீதி நியாயம் பார்ப்பவர்.

"அவர் என்ன செய்தார்?"

"ஒன்றும் செய்யவில்லை. உட்கார்ந்திருக்கிறார்."

"இது பொது நூலகம். உட்கார்ந்திருப்பதற்காக ஒருவரை எப்படி அனுப்புவது? அதுவும் ஆபிரிக்க விழாவில், ஓர் ஆபிரிக்கரை?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. சீட்டுக் கேட்காமல், பெயர் கேட்காமல் யாரையும் உள்ளே விடுவதுதான் எங்கள் பெருமை. அந்தப் பெருமையை நானே எத்தனை பேரிடம் அளந்திருப்பேன். அன்றைக்கு அதுவே எங்களுக்கு எதிராகத் திரும்பியிருந்தது. படம் பிடிக்கவேண்டாம் என்று தலைவி அறிவித்தார். அந்த மனிதர் உடனே தொலைபேசியைப் பைக்குள் வைத்து, மரியாதையாகத் தலையசைத்தார். அவர் முறைத்திருந்தால் எனக்குப் பயம் கொஞ்சம் குறைந்திருக்கும்.

முதல் பாதியில் அந்தப் பெண் வேறோர் அத்தியாயத்தை வாசித்தார். ஒரு சிறுமி சின்னப் பையன் ஒருவனைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூடம் கூட்டிப்போகிறாள். வழியில் அவன் ஒரு சப்பாத்தைத் தொலைத்துவிடுகிறான். சபை சிரித்தது. அதற்கு மேல் எனக்கு ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை. நான் சாம்பல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னோர் அத்தியாயம் இடைவேளைக்குப் பிறகு என்று தலைவி அறிவித்தபோது, தம்பியின் அந்த அத்தியாயம் வரக்கூடாது என்று மனதுக்குள் கும்பிட்டேன். வாசிக்க வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். இரண்டையும் ஒரே நேரத்தில் எந்தக் கடவுளிடம் கேட்பது?

அப்போதுதான் கவனித்தேன், அண்ணை அந்த மனிதருக்குப் பக்கத்துக் கதிரைக்கு மாறியிருந்தார். முழங்காலோடு முழங்கால் முட்ட உட்கார்ந்து, காதுக்குள் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். மனிதர் நெளிந்தார். எனக்கு மூச்சு வந்தது. எங்கள் அண்ணையின் விசாரணையிலிருந்து தப்பியவர் இந்த நகரத்திலேயே இல்லை. பிடித்து வைத்திரு அண்ணை, விடாதே என்று நினைத்தேன்.

இடைவேளையில் ரோல்ஸ் மேசையடியில் அண்ணை என்னிடம் வந்தார்.

"பிள்ளை, அந்தாளோடை கதைச்சனான். நல்ல மனுசன். கூச்ச சுபாவம், வாயைத் திறக்கிறாரில்லை."

"என்ன சொன்னவர் அண்ணை? எந்த ஊராம்?"

"அவர் எங்கை சொன்னவர்! நான்தான் சொன்னனான். நாங்கள் சொன்னால்தானே அவையளும் சொல்லுவினம். இவ இண்டைக்கு உங்கடை வீட்டிலைதான் நிக்கிறா, பேக்கரிக்கு மேல்மாடி எண்டு சொன்னன். நாட்டுக்காரர்தானே, விடிய வாங்கோ, தோசை சாப்பிட்டுக் கதைச்சுக்கொண்டிருக்கலாம் எண்டும் சொல்லிவிட்டன்."

தட்டு என் கையிலிருந்து நழுவி மேசையில் விழுந்தது. அவரைத் திட்டவேண்டும் போல வாய் துடித்தது. எதைச் சொல்லித் திட்டுவது? யாரிடமும் சொல்லமாட்டேன் என்று தலையாட்டியவள் நான். ஒருவரிடம் ஊர் கேட்டால் தன் ஊரையும் சொல்லவேண்டும் என்ற எங்கள் பண்பாட்டைத்தான் அந்த மனுசன் பிசகில்லாமல் செய்திருந்தார்.

திரும்பிப் பார்த்தேன். சாம்பல் கோட்டு ஒரு வடையைக் கடதாசித் தட்டில் வைத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் முன்னால் நின்றிருந்தது. அந்த மனிதர் தங்கள் மொழியில் ஏதோ சின்னதாகச் சொன்னார். சிரித்தார். தலையசைத்துவிட்டுத் தன் கதிரைக்குப் போய்விட்டார். நான் நடந்தேனா ஓடினேனா தெரியாது.

"என்ன சொன்னார்?"

"என் அம்மா சுகமாக இருக்கிறாராம்." அவர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "போன கிழமை சந்தையில் கண்டாராம். முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறதாம்."

அந்த வாக்கியத்தை எந்தப் பொலிஸிலும் முறையிட முடியாது. யாரோ ஒருவர் யாரோ ஒருவரின் தாய் சுகம் என்று சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். இரவு அவர் என் வீட்டில் தங்க முடியாது என்பதையும், ஏன் என்பதையும் சொன்னேன். கோபிப்பார் என்று நினைத்தேன். "அந்த ஐயா என்னைப் பெருமையாகத்தானே சொல்லியிருக்கிறார்" என்றார். தலைவி அவரைப் பின்கதவால் தன் காரில் ஏற்றித் தொடருந்து நிலையத்தில் விடுவது என்று முடிவாயிற்று. குடும்ப அவசரம் என்று தலைவியிடம் சொன்னோம்.

இரண்டாம் பாதியில் அவர் புத்தகத்தைத் திறக்கவில்லை. தொண்டை சரியில்லை, கேள்விகள் கேளுங்கள் என்றார். சபை ஏமாற்றத்தோடு கொஞ்சம் அசைந்தது. மொழிபெயர்ப்பு பற்றிக் கேட்டார்கள், குளிர் பற்றிக் கேட்டார்கள். பிறகு, எங்கள் நூலகத்தில் ஒரு புத்தகத்தையும் விட்டுவைக்காமல் வாசிக்கும் மூதாட்டி ஒருவர் கை தூக்கினார். மனதில் ஒரு துளி கெட்ட எண்ணம் இல்லாதவர்.

"அந்தச் சப்பாத்துத் தொலைத்த பையன் எவ்வளவு அருமையாக வந்திருக்கிறான்! அவன் உங்கள் தம்பியா?"

சபை முழுக்கச் சிரித்த முகத்தோடு காத்திருந்தது. நான் இரவல் மேசைக்குப் பின்னால் நின்று மேசையை இறுக்கிப் பிடித்தேன். கடைசி வரிசையில் சாம்பல் கோட்டு முன்னால் சற்றுக் குனிந்தது.

"இல்லை" என்றார் அந்தப் பெண். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "எனக்குத் தம்பி இல்லை. அவன் வெறும் கற்பனை. நான் வீட்டில் ஒரே பிள்ளை."

எல்லோரும் கை தட்டினார்கள். அந்த மனிதரும் எழுந்து நின்று தட்டினார். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் தட்டினார். அப்புறம் கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, கதவைப் பிறருக்காகத் திறந்து பிடித்து, கடைசியாக வெளியே போனார். அடுத்த நாள் என் வீட்டுப் பக்கம் ஒருவரும் வரவில்லை. அவர் வரவேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்தப் பெண் பின்கதவால் போகும்போது என்னைக் கட்டிப்பிடித்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரைகளை அடுக்கத் தொடங்கினேன். அக்கா காலியான ரோல்ஸ் பெட்டியைக் கட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

"பாவம் பிள்ளை. கூடப்பிறந்தது ஒண்டும் இல்லையாம், கேட்டனியோ? இந்த ஊரிலை அவவுக்கு ஆர் இருக்கினம்? எங்களைத் தன்ரை சகோதரம் எண்டு நினைக்கச் சொல்லு, என்ன?"

"ஓம் அக்கா" என்றேன். "சொல்லுறன்."