பக்க எண் கிடைக்காத வரி

இணைய அகராதிக்கு மேற்கோள் சேர்ப்பது நானாக இழுத்துப் போட்டுக்கொண்ட வேண்டாத வேலை. ஒரு சொல்லுக்குப் பழைய சிறுகதை ஒன்றிலிருந்து அந்தச் சொல் வரும் வரியை எடுத்து, கதை, நூல், பக்க எண்ணோடு போட வேண்டும். ஜவ்வாது மலைப் பள்ளியில் நாள் முழுக்கக் கத்தித் தொண்டை வறண்ட பிறகு, சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி நின்று செய்வேன். ஒரு காசு கிடையாது. யாரும் கேட்கவும் இல்லை.

புத்தகங்கள் போளூர் வீட்டில் இருந்தன. மனப்பாடம் என்று நம்பிய வரிகளை மலையிலிருந்தே போட்டுவிட்டு, வீட்டுக்குப் போகும்போது பக்க எண் சேர்ப்பேன். 'அசதி' என்ற சொல்லுக்கு அப்படித்தான் ஒரு வரி போட்டேன்: "அசதியாக இருந்தால் உட்கார். ஆனால் ஊரைப் பார்த்து உட்கார்." எனக்குப் பிடித்த பழைய எழுத்தாளர் ஒருவரின் கதையில் வருவது. பக்க எண் போட மறந்துபோனேன்.

இரண்டு வருடம் கழித்து, அகராதியில் மேற்கோள்களைச் சரிபார்ப்பவர் அதைக் கேட்டு எழுதினார். போளூர் போய்க் கதையை மூன்று முறை படித்தேன். வரி இல்லை. தொகுப்பு முழுக்கப் புரட்டினேன், இல்லவே இல்லை. பிறகுதான் உறைத்தது, அது எங்கள் பள்ளிச் சமையல்கார அக்காவின் பேச்சு. பஸ் வராத நாளில் இருவரும் மேலே பள்ளி இருக்கும் ஊருக்கு நடந்தே மலையேறுவோம். ஏறிவந்த வழியைப் பார்த்தபடி நான் உட்கார்ந்துவிட்டால் அவர் விடமாட்டார். "அசதியா இருந்தா குந்துங்க டீச்சர். ஆனா ஊரப் பாத்தாப்ல குந்துங்க" என்பார்.

அந்தப் புத்தகம் இப்போது அச்சில் இல்லை. தன்னிடமும் இல்லை என்று சரிபார்ப்பவரே எழுதியிருந்தார். ஏதாவது ஓர் எண்ணைப் போட்டால் தீர்ந்தது. அலுப்பில் நாற்பத்தேழு என்று அடித்தும் விட்டேன். அனுப்பக் கை வரவில்லை. என்மேலேயே எரிச்சலாக இருந்தது. உண்மையை எழுதி, அக்கா பெயரில் போடலாமா என்று கேட்டேன்.

"நல்ல வரி. ஆனால் அச்சில் வந்திருக்க வேண்டும். நீக்கிவிடுங்கள். மற்றவற்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. நீக்கினேன். மற்றவற்றை நினைத்தாலே தலை சுற்றியது.

பொய் எழுதாமல் தப்பித்ததைச் சொல்லிக் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம் என்றுதான் மறுநாள் சமையல்கட்டுக்குப் போனேன். அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார்.

"நான் சொன்னது அதுல இருந்துச்சா?" முகமெல்லாம் சிரிப்பு.

"இருந்தது. அந்தக் கதை எழுதினவர் பேர்ல."

"எத்தினி நாளு?"

"ரெண்டு வருஷம்."

"எம் பேரு போட்டா?"

"ஒத்துக்க மாட்டாங்களாம். நேத்தே எடுத்துட்டேன்க்கா."

அவர் தண்ணீரை வடித்துவிட்டு அடுத்த தண்ணீர் ஊற்றினார்.

"இன்னா டீச்சர் நீங்க. அவரு பேர்லயே வுட்டிருக்கலாமே. இருந்துட்டுப் போயிருக்கும்."