இறாலுக்குக் கீரை வாங்கப் போன இடத்தில்

என் கண்ணாடித் தொட்டியில் வளரும் குட்டி இறால்களில் ஒன்று முதல் முறையாக வயிறு நிறைய முட்டையோடு திரிகிறது. அதற்கு அவித்த கீரை கொடுக்கலாம் என்று, வழக்கமாகக் காய்கறி வாங்கும் திரிங்காப் ஊர்க் கடைக்கு இன்று காலை போனேன்.

“அண்ணே, இது மருந்து அடிச்ச கீரையா?”

“சேச்சே! நம்பிச் சாப்பிடலாம் லா, டீச்சர்.”

“எனக்கில்லண்ணே, நான் வளக்கிற இறாலுக்கு. துளி மருந்து இருந்தாலும் எல்லாம் செத்துடும்.”

கடைக்காரர் என் கையிலிருந்த கீரைக்கட்டைச் சட்டென்று பிடுங்கிக்கொண்டார். பின்பக்கம் போய், தன் வீட்டுச் சமையலுக்கென்று போட்டிருந்த பாத்தியில் ஒரு கைப்பிடி கிள்ளி வந்தார்.

“இதக் குடுங்க. பாவம், வாயில்லா ஜீவன்.”

இறால் ஆனந்தமாக மேய்கிறது.

இரண்டு வருடமாக அந்தக் கடைக் கீரையைச் சாப்பிட்டுவரும் என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லலாமா, வேண்டாமா?