மாநிறம் என்று சொன்ன பிறகு

போன வாரம் என் மகள் என்னுடைய போனை வாங்கி எதையோ அழுத்தித் திருப்பிக் கொடுத்தாள். திரை முழுக்கக் கறுப்பாகி, எழுத்து மட்டும் வெள்ளையாக நின்றது. கெட்டுப்போய்விட்டதோ என்று பதறினேன். "டார்க் மோடும்மா. கண்ணுக்கு நல்லது. இப்பல்லாம் எல்லாரும் இதான் வெச்சிருக்காங்க" என்றாள். கறுப்பு நல்லது என்று எங்கள் குடும்பத்தில் ஒருத்தி மனதாரச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. சிரிப்பு வந்துவிட்டது. எதற்குச் சிரிக்கிறேன் என்று அவளுக்குப் புரியவில்லை. உங்களிடம் சொல்லலாம்.

எங்கள் ஊர் திருபுவனை ஹைரோட்டிலிருந்து உள்ளே இரண்டு கிலோமீட்டர். அங்கே இருட்டுக்கு ஒரு பஞ்சமும் இல்லை. அப்பா கரும்புக்குத் தண்ணீர் கட்டக் கிளம்புவது கருக்கலில். மேற்கே மேகம் கூடினால் "இருட்டிகினு வருது, துணிய எடு" என்று தெருவே கத்தும். களை எடுக்கிற பெண்கள் வெயில் தாங்காமல் "கண்ண இருட்டுதுடி" என்று வரப்பில் உட்கார்ந்துவிடுவார்கள். யோசனையில்லாமல் ஓடுகிறவனைப் பார்த்தால், அமாவாசை இருட்டில் பெருச்சாளிக்குப் போனதெல்லாம் வழி என்பார் அப்பா. இதெல்லாம் கொஞ்ச நேரத்தில் விலகிவிடும். விலகாத ஒன்று என் தோலில் இருந்தது. "கறுப்பா இருந்தாலும் களையான மொகம்" என்று என்னைப் பற்றி எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அந்த 'இருந்தாலும்' இல்லாமல் ஒருவர்கூடச் சொன்னதில்லை. அம்மா மட்டும் "காந்தலே ருசி, கறுப்பே அழகு" என்பாள். சொன்ன கையோடு முகத்தில் பயத்தமாவை அப்பிவிடுவாள்.

பன்னிரண்டாவது முடித்ததும் திருபுவனைத் தொழிற்பேட்டையில் எனக்கு வேலை கிடைத்தது. என்ன கம்பெனி தெரியுமா? முகத்தை வெள்ளையாக்குகிற கிரீம் கம்பெனி. டியூபின் வால்பக்கத்தை மிஷின் சுட்டு ஒட்டித் தள்ளும். கோணலாக ஒட்டியதைப் பொறுக்கிப் போடுவது என் வேலை. தூசி வரக்கூடாதென்று அந்த ஹாலில் ஒரு ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது இரண்டு மணிக்கு ஷிப்ட் முடிந்து கதவைத் திறந்தால்தான் தெரியும். பவுடர் வாசனையும் பினாயில் வாசனையும் கலந்த ஒரு வாசனை எங்கள் தலைமுடிவரை ஏறியிருக்கும். வரிசையில் நின்ற பெண்கள் எல்லோரும் அநேகமாக என் நிறந்தான். "நாள் பூரா இதுலயே முங்கிக் கெடக்கறோம், நமக்கே ஒட்டல, காசு குடுத்து வாங்கறவங்களுக்கா ஒட்டப் போவுது?" என்பாள் ஸ்டெல்லா. எனக்கு அடுத்த மிஷின் அவள். திருவாண்டார்கோயிலில் இருந்து சைக்கிளில் வருவாள்.

ஜன்னல் இல்லாவிட்டாலும் அந்த இடம் எனக்குப் பிடித்திருந்தது. என் பெயர் போட்ட அட்டை கழுத்தில் தொங்கியது. சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அங்கே யாரும் 'இருந்தாலும்' போட்டுப் பேசவில்லை. காண்ட்ராக்ட் ஆள்தான், ஆனால் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப் போகிறார்கள் என்ற பேச்சு ஓடிக்கொண்டே இருந்தது. அதற்காக இரண்டு வருஷம் காய்ச்சலோடுகூடப் போனேன்.

அப்போதுதான் தரகர் மூலம் பாகூர்ப் பக்கத்திலிருந்து ஒரு மாப்பிள்ளை வந்தது. எலெக்ட்ரீஷியன். பெண் பார்க்க விளக்கு வைத்த பிறகு வரச்சொன்னாள் அம்மா. டியூப் லைட்டுக்கு எதிராக என்னை உட்காரவைத்து, கழுத்துவரை பவுடர் போட்டிருந்தாள். வந்தவர்கள் காபி குடித்துவிட்டுப் போய் இரண்டாம் நாள் சரி என்று சொல்லியனுப்பினார்கள். நிச்சயம் முடிந்த மறுநாள் காலை அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அம்மா கழற்றி ஆணியில் மாட்டினாள்.

"நாப்பது நாளு வெயிலே படக்கூடாது. உள்ளயே கெட."

"கம்பெனிக்கு இன்னாம்மா சொல்றது?"

"மஞ்சக் காமாலன்னு சொல்லியனுப்பு."

முழுப்பொய் என்று சொல்ல முடியாது. அன்று மத்தியானத்திலிருந்து உடம்பெல்லாம் மஞ்சள்தான். கஸ்தூரி மஞ்சள், கடலைமாவு, பாலாடை. நெல்மூட்டையும் யூரியா மூட்டையும் போட்டிருக்கும் பின்னறையில் பாய் விரித்தாள். அங்கிருந்த ஒரே ஜன்னலில் சாக்கைக் கட்டினாள். கறுப்புப் போகவேண்டும் என்று என்னை இருட்டில் வைத்தார்கள், பாருங்கள். இதைவிட வேடிக்கை உண்டா? அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. யூரியா வாடையில் மூக்கு எரிந்தது. சாக்கின் ஓட்டைகள் வழியாகச் சுவரில் விழுகிற புள்ளிகள் நகர்வதை வைத்து மணி பார்ப்பேன். ஆறு மணி, இப்போது மிஷின் ஓட ஆரம்பித்திருக்கும். பத்து மணி, டீ. இரண்டு மணி, ஸ்டெல்லா சைக்கிளை எடுத்திருப்பாள். சாயங்காலம் இருட்டிய பிறகு வாசலில் கொஞ்சம் நடக்கலாம். மூச்சு முட்டியது. பழகும் என்றார்கள், பழகவில்லை.

அந்தக் கதவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அதற்கு வெளிப்பக்கம் தாழ்ப்பாளே கிடையாது.

இருபதாவது நாளோ என்னவோ, ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சாக்கை யாரோ வெளியிலிருந்து குத்தினார்கள்.

"ஏய், உள்ள கீறியாடி?" ஸ்டெல்லா.

"கீறேன். நீ எப்படி வந்த?"

"பெர்மனென்ட் லிஸ்ட் போட்டுட்டாங்க. உம் பேரு கீது. திங்கக்கெழம பத்து மணிக்கு ஆளு நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம். வரலன்னா அடுத்த பேரு. இன்னாடி, கேக்குதா?"

கேட்டது. வீட்டில் இருந்த ஒரே போன் அப்பாவின் சட்டைப்பையில், அப்பா கழனியில். அதனால்தான் அவள் அத்தனை தூரம் வெயிலில் மிதித்து வந்திருந்தாள். சாக்கு இடுக்கில் அவள் கண் ஒன்று மட்டும் தெரிந்தது. வருகிறேன் என்றேன்.

திங்கட்கிழமை மஞ்சளைத் தேய்த்துக் கழுவிவிட்டு, அட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தேன். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுவேன், முக்காடு போட்டுக்கொள்கிறேன் என்றேன். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் மீறிப் போய்விடலாம் என்றிருந்தேன். அவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"தரகர்கிட்ட மாநெறம்னு சொல்லிட்டேன்டி" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவங்க ராத்திரி வெளிச்சத்துல பாத்தது. முகூர்த்தம் பகல்ல. மேடையில பாத்துட்டு எழுந்து போயிட்டா நான் இன்னா பண்ணுவேன்?"

அம்மா அழுது நான் பார்த்ததே இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அழாதவள். ஒரு வார்த்தைப் பொய்யைச் சொல்லிவிட்டு, அதை நாற்பது நாளில் மெய்யாக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். வாசலில் வெயில் பளீரென்று அடித்தது. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நான் அட்டையைக் கழற்றினேன். உள்ளே போய், விலகியிருந்த சாக்கை நானே இழுத்துவிட்டுக்கொண்டேன். சுவரில் புள்ளிகள் பத்து மணியைத் தாண்டிப் போவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். என் மேலேயே அவ்வளவு ஆத்திரம் வந்தது.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. யாரும் எழுந்து போகவில்லை. ஒரு மாதம் கழித்து, பேச்சோடு பேச்சாக என் வீட்டுக்காரரிடம் இந்த மாநிறக் கதையைச் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

"திருபுவனையில மூணு மாசம் வயரிங் வேலை பாத்தேன். ரெண்டு மணிக்கு நீ ஷிப்ட் முடிஞ்சி பஸ் ஸ்டாப்புல நிப்ப, மண்டைய பொளக்கற வெயில்ல. உன்னத்தான் கேக்கணும்னு எங்கம்மாவ தரகர்கிட்ட அனுப்பனதே நான்தானே."

ஆக, அந்த நாற்பது நாளும் யாருக்கும் தேவைப்படவில்லை.

அதே வாரம் அம்மா வந்திருந்தாள். சமையலறையில் மெதுவாகக் கேட்டாள்: "மாப்ள கலரப் பத்தி எதுனா சொன்னாரா?" உண்மை நாக்கு நுனிவரை வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். "முன்ன பாத்ததுக்கு நல்லா வெளுத்துட்டன்னு சொன்னாரும்மா" என்றேன். அப்படி ஒரு சிரிப்பு. "பாத்தியா! நாப்பது நாளு வீண் போவல."

அந்தச் சிரிப்போடு அவள் ஊர் திரும்பி, தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறாள். அடுத்த வருஷம் பொங்கலுக்குப் போனபோது எதிர்வீட்டு ஜன்னலில் சாக்குத் தொங்கியது. அந்த வீட்டு வள்ளி போலீஸ் எழுத்துத் தேர்வு பாஸ் செய்து, தினமும் கழனிமேட்டில் ஓடிப் பழகிக்கொண்டிருந்தவள். கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "உன் கதையத்தான் அவங்கம்மாக்கு சொன்னேன்" என்றாள் அம்மா பெருமையாக. தெருவைத் தாண்டினால் அந்த ஜன்னல். பத்தடி இருக்கும். நான் தாண்டவில்லை. வள்ளி ஓட்டத் தேர்வுக்குப் போகவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

இன்றைக்கு அந்தப் பின்னறை இல்லை. தம்பி இடித்துவிட்டு மாடி எழுப்பியிருக்கிறான். கம்பெனி போய்விட்டது, எங்கள் ஹால் யாருக்கோ குடோன். ஸ்டெல்லா மகளோடு ஓசூரில் இருக்கிறாள். தெருவில் ஒரு ஜன்னலிலும் சாக்குக் கிடையாது, பெண்கள் முகத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் பறக்கிறார்கள். அம்மா போய் ஆறு வருஷம். உண்மை தெரிந்தால் உடைந்துபோகக்கூடிய ஆள் இனி யாரும் இல்லை.

சமீபத்தில் திருக்கனூர் பஸ் நிறுத்தத்தில் வள்ளியைப் பார்த்தேன். கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உனுக்கு அம்மாம் நல்லா வெளுத்துச்சாமே, உங்கம்மா சொல்லிகினே இருப்பாங்க. நானும் நாப்பது நாளு இருந்தேன்க்கா. எனுக்கு மட்டும் ஒட்டவே இல்ல" என்று தன் கையைத் திருப்பிக் காட்டிச் சிரித்தாள்.

அவள் பஸ் வர அரைமணி ஆயிற்று. மழை, விலைவாசி, பிள்ளைகள் படிப்பு என்று நிறுத்தாமல் பேசினேன். அதை மட்டும் சொல்லவில்லை.